தேனீப் பொருட்களில் வைரஸ் மருந்தைக் கணினியில் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கில், புரதங்களின் வடிவத்தைக் கணினியில் ஆராயும் வேலையில் இருக்கிறேன். பாலிக் புலாவில் என் சித்தப்பா கெலுலுட் என்ற கொட்டாத தேனீ வளர்க்கிறார், மாதம் ஒருமுறையாவது அங்கே போய்விடுவேன். இந்த இரண்டும் தெரிந்தவர்கள் என்னை எங்கே பார்த்தாலும் தேனையும் வைரஸையும் பற்றித்தான் கேட்கிறார்கள். கோயில் அன்னதான வரிசையில் கேட்கிறார்கள், டியூஷன் பிள்ளைகள் கேட்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப்பில் "தேனில் உள்ள பொருள் வைரஸை அழிக்கும், கணினி ஆய்வில் நிரூபணம்" என்று ஒரு செய்தி வந்தால் அன்று ராத்திரிக்குள் நாலு பேராவது அழைப்பார்கள். ஒரே பதிலை நூறு தடவை துண்டு துண்டாகச் சொல்வதைவிட, ஒருமுறை முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன்.

அக்கா, கம்ப்யூட்டர்ல தேனை எப்படி சோதிப்பாங்க?

தேனைச் சோதிப்பதில்லை. தேனிலும் தேனீப் பிசினிலும் என்னென்ன மூலக்கூறுகள் இருக்கின்றன என்று ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே கண்டுபிடித்துப் பட்டியல் போட்டிருப்பார்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு கோப்பு உண்டு. எந்த அணு எங்கே இருக்கிறது, எது எதோடு பிணைந்திருக்கிறது என்ற விவரம் அதில் இருக்கும். 2004இல் அமெரிக்க அரசு தொடங்கிய பப்கெம் தரவுத்தளத்தில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் இருக்கின்றன. யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

மறுபக்கம் வைரஸின் புரதம். அதற்கும் கோப்பு உண்டு. புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ்ரே செலுத்தி, ஒவ்வொரு அணுவின் இடத்தையும் அளந்து வைத்திருக்கிறார்கள். இந்த அளவுகளைச் சேர்த்து வைக்கும் புரதத் தரவு வங்கி 1971இல் ஏழே ஏழு புரதங்களோடு தொடங்கியது. இப்போது இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இந்தப் பக்கம் ஒரு கோப்பு, அந்தப் பக்கம் ஒரு கோப்பு. இது அதில் போய் உட்காருமா, உட்கார்ந்தால் எவ்வளவு இறுக்கமாக உட்காரும் என்று கணக்குப் போடுவதுதான் வேலை. இதற்கு டாக்கிங் என்று பெயர்.

தேன்ல மட்டும்தான் தேடுறாங்களா?

இல்லை. சொல்லப்போனால் தேன்தான் இதில் கடைசி. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். மருந்து ஆகக்கூடிய மூலக்கூறுகள் மிகக் கொஞ்சம். ராயல் ஜெல்லி, மகரந்தம், தேனீ விஷம் எல்லாவற்றிலும் தேடுகிறார்கள். விஷத்தில் மெலிட்டின் என்ற 26 அமினோ அமிலச் சங்கிலி இருக்கிறது. அது வைரஸின் உறையைக் கிழிக்கும், ஆனால் நம் செல்லின் உறையையும் அதே மாதிரி கிழிக்கும். அதனால் அந்தப் பாதை கடினமானது.

அதிகம் தேடப்படுவது புரோபோலிஸ், அதாவது தேனீப் பிசின். மரப்பட்டையிலும் மொட்டிலும் கசியும் பிசினைத் தேனீ எடுத்துவந்து, மெழுகோடு கலந்து கூட்டைப் பூசுகிறது. தேனீக் கூடுகளில் எடுக்கும் பிசினில் ஏறக்குறைய பாதி மரப்பிசின், மூன்றில் ஒரு பங்கு மெழுகு. சித்தப்பாவின் கெலுலுட் பெட்டியைத் திறந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். கொட்டாத சின்னத் தேனீ, கொசு அளவுதான் இருக்கும். திராட்சைக் குலை மாதிரி பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் குடங்கள், அவற்றில்தான் தேன். குடமே பிசினும் மெழுகும் சேர்த்துச் செய்தது. வாசலில் ஒரு விரல் நீளத்துக்குக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் விளிம்பு எப்போதும் ஈரமாக ஒட்டும். எறும்பு வந்தால் அதில் மாட்டிக்கொள்ளும். அதைத் தொட்டுவிட்டு சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவித் துடைக்க வேண்டும். மரம் தன்னைப் பூஞ்சையிடமிருந்து காப்பாற்றிக்கொள்ளச் சுரந்ததை, தேனீ தன் வீட்டுக்குக் காவலாக வைத்துக்கொள்கிறது. இதில் மருந்து இருக்குமா என்று மனிதர்கள் தேடுவது நியாயமான ஆசைதான்.

வைரஸ்ல எந்த இடத்தைக் குறி வைப்பாங்க?

வைரஸ் பெருக எந்தப் புரதம் இல்லாமல் முடியாதோ அதை. கொரோனா வைரஸ் தன் புரதங்களை முதலில் ஒரே நீளச் சங்கிலியாகச் செய்துகொள்கிறது. பிறகு அதைச் சரியான இடங்களில் வெட்ட வேண்டும். வெட்டும் கத்தரிக்கோலுக்கு முதன்மைப் புரோட்டியேஸ் என்று பெயர். 306 அமினோ அமிலங்கள் கொண்டது, இரண்டிரண்டாகச் சேர்ந்தால்தான் வேலை செய்யும். அதன் வெட்டும் குழியில் 41ஆம் இடத்து ஹிஸ்டிடின், 145ஆம் இடத்து சிஸ்டீன் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் எதிரெதிரே நிற்கின்றன. அந்தக் குழியை அடைத்துவிட்டால் வைரஸ் பெருக முடியாது. இந்தப் புரதத்தின் வடிவம் புரதத் தரவு வங்கியில் 6எல்யூ7 என்ற எண்ணில் 2020 பிப்ரவரி 5 அன்று வெளியானது. அன்றிலிருந்து உலகம் முழுக்க எத்தனையோ பேர் தங்கள் ஊர் மூலிகையை, தேனை, பிசினை அதில் பொருத்திப் பார்த்தார்கள்.

நமக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது டிங்கி. அதற்கும் இதே மாதிரி வெட்டும் நொதி உண்டு. ஆனால் அதன் குழி ஆழம் இல்லாமல் தட்டையாக இருக்கிறது, எந்த மூலக்கூறும் பிடிப்பாக உட்காராது. நான்கு வகை டிங்கி வைரஸையும் ஒரே மருந்து அடக்க வேண்டும் என்பது இன்னொரு சிக்கல். 1998, 1999இல் நம் நாட்டுப் பன்றிப் பண்ணைகளில் பரவி நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்ற நிப்பா வைரஸுக்கு நெகிரி செம்பிலான் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர்தான். அதன் புரதங்களிலும் இப்படித் தேடுகிறார்கள்.

பூட்டு சாவி மாதிரின்னு எல்லாரும் சொல்றாங்களே, அது சரியா?

பாதி சரி. அந்த உவமையை 1894இல் எமில் ஃபிஷர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் சொன்னார். ஆனால் சாவி வளையாது, மூலக்கூறு வளையும். நான் பிள்ளைகளுக்கு வேறு மாதிரி சொல்கிறேன். லிட்டில் இந்தியா கடையில் கண்ணாடி வளையல் போட்டுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்கார அம்மா கையைப் பிடித்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, விரல் கணுக்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஒடுக்கி, மெதுவாகத் திருப்பித் திருப்பி ஏற்றுவார். வளையல் அப்படியே இருக்கும். கைதான் அதற்கேற்ப மடங்கும்.

டாக்கிங்கில் வைரஸ் புரதம்தான் வளையல். அதை அசையாமல் வைத்துவிடுகிறோம். மூலக்கூறு கை. சுழலக்கூடிய ஒவ்வொரு பிணைப்பையும் திருப்பி, மடக்கி, ஆயிரக்கணக்கான நிலைகளில் வைத்து, எந்த நிலையில் நன்றாகப் பொருந்துகிறது என்று மென்பொருள் தேடும். ஆட்டோடாக் வினா என்பது அதிகம் பயன்படும் மென்பொருள், அதை விளக்கும் கட்டுரை 2010இல் அச்சானது, இலவசம். ஒரு மூலக்கூறுக்குச் சாதாரண கணினியில் சில நிமிடம் போதும். ஆனால் நிஜத்தில் புரதமும் கொஞ்சம் அசையும். அதைக் கணக்கில் எடுக்காததுதான் இந்த முறையின் முதல் குறை.

மைனஸ் 8.5னு போடுறாங்க. மைனஸ்னா மோசம்தானே?

இல்லை, இங்கே மைனஸ் கூடக் கூட நல்லது. ஒரு பொருள் குழியில் உட்காரும்போது எவ்வளவு ஆற்றல் இறங்குகிறது என்பதுதான் அந்த எண். கிலோகலோரி, ஒரு மோலுக்கு. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு உருளும் கோலி மாதிரி, பள்ளம் ஆழமானால் கோலி வெளியே வருவது கடினம்.

ஒரு சின்னக் கணக்கு தெரிந்தால் இந்த எண் உங்களை ஏமாற்றாது. ஏறக்குறைய 1.4 கூடினால் பிடிப்பு பத்து மடங்கு கூடும். மைனஸ் 7.1க்கும் மைனஸ் 8.5க்கும் பத்து மடங்கு வித்தியாசம். சரி, அப்படியானால் 8.5 வந்த பொருளை எடுத்துக்கொண்டு 7.1 வந்ததைத் தூக்கிப் போடலாமா? கூடாது. வினாவை உருவாக்கியவர்களே அதன் சராசரிப் பிழை சுமார் 2.8 கிலோகலோரி என்று எழுதியிருக்கிறார்கள். அதாவது கணிப்பு நூறு மடங்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ தவறலாம். ஆயிரம் பொருளில் ஐம்பதைப் பொறுக்கி எடுக்க அந்த எண் உதவும். முதலிடம் யாருக்கு, இரண்டாம் இடம் யாருக்கு என்று பரிசு கொடுக்க உதவாது. "மைனஸ் 8.5 வாங்கியது, மைனஸ் 8.3 வாங்கிய மருந்தைவிடச் சிறந்தது" என்று எங்கே படித்தாலும் அந்த வரியை விட்டுவிடுங்கள்.

ரெண்டு ஆராய்ச்சியில ஒரே பொருளுக்கு வேற வேற நம்பர் வந்திருக்கு. யாராவது பொய் சொல்றாங்களா?

பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மென்பொருள் தேட வேண்டிய இடத்தை ஒரு பெட்டி வரைந்து நாம்தான் காட்டுகிறோம். பெட்டி கொஞ்சம் நகர்ந்தால் எண் மாறும். புரதக் கோப்பிலிருந்து தண்ணீர் மூலக்கூறுகளை நீக்கினார்களா, ஹைட்ரஜனை எங்கே வைத்தார்கள், எந்தக் கோப்பை எடுத்தார்கள் என்று பத்து இடத்தில் வேறுபடலாம்.

நம்பத் தகுந்த ஆய்வா என்று பார்க்க நான் முதலில் தேடுவது ஒன்றே ஒன்று. படிகத்தில் ஏற்கெனவே ஒட்டியிருந்த பொருளைக் கழற்றிவிட்டு, அதையே மறுபடி டாக்கிங் செய்து, பழைய இடத்திலேயே வந்து உட்காருகிறதா என்று காட்டியிருக்கிறார்களா? இரண்டு ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் சரி என்பது வழக்கம். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. என் முதல் வருடத்தில் நான் இதைச் செய்யாமல் மூன்று வாரம் ஓட்டினேன். என் பெட்டி குழிக்கு வெளியே, புரதத்தின் முதுகுப் பக்கம் இருந்தது. எண்கள் எல்லாம் அழகாகத்தான் வந்தன. எண்ணை மட்டும் பார்த்தால் தவறு தெரியவே தெரியாது என்று அன்று புரிந்தது. இன்றைக்கும் ஒவ்வொரு பொருளையும் திரையில் திருப்பித் திருப்பிக் கண்ணால் பார்க்காமல் பட்டியலில் சேர்ப்பதில்லை.

6எல்யூ7இல் இன்னொரு சிக்கல் உண்டு. அதில் ஒட்டியிருக்கும் பொருள் 145ஆம் இடத்து சிஸ்டீனோடு நிரந்தரப் பிணைப்பே போட்டிருக்கிறது. சாதாரண டாக்கிங் அந்தப் பிணைப்பைக் கணக்கிடாது. அதனால் அதோடு ஒப்பிட்டு "எங்கள் பொருள் மேல்" என்று சொன்னால் ஒப்பீடே சரியில்லை.

குர்செட்டின், ருட்டின் இதுங்க பேரே எல்லா ஆராய்ச்சியிலும் வருதே, ஏன்?

இவை இரண்டும் செடிகளில் உண்டாகும் மூலக்கூறுகள். அடிக்கடி வருவதற்கு இரண்டு காரணம். முதலாவது, டாக்கிங் எண் மூலக்கூறின் அளவைச் சார்ந்தது. பெரிய மூலக்கூறுக்குத் தொட்டுக்கொள்ள அதிக இடம், அதனால் அதிக மதிப்பெண். ருட்டின் என்பது குர்செட்டினோடு இரண்டு சர்க்கரை ஒட்டியது. அது உயரத்தில் நிற்பதற்கு அந்தப் பருமனே பெரிய காரணம். அதே பருமன் குடல் வழியாக உடம்பில் ஏறுவதற்குத் தடை. மாத்திரையாகச் சாப்பிடும் மருந்துக்கு மூலக்கூறு எடை 500க்குள் இருப்பது நல்லது என்று லிப்பின்ஸ்கி என்ற வேதியியலாளர் 1997இல் வகுத்த விதி சொல்கிறது. குர்செட்டின் 302, ருட்டின் 610.

இரண்டாவது, ஆய்வுக்கூடத்திலேயே ஏமாற்றும் பொருட்கள் உண்டு. குர்செட்டினில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹைட்ராக்சில் தொங்கும் வளையம் இருக்கிறது. அது எந்தப் புரதத்தைக் கொடுத்தாலும் ஏதாவது செய்யும், சோதனையின் நிறத்தையே மாற்றும். இப்படிப்பட்டவற்றை அடையாளம் காண 2010இல் ஒரு எச்சரிக்கைப் பட்டியலே வெளியிட்டார்கள். எல்லாப் பூட்டும் அதற்குத் திறந்தால், அது சாவி என்று சொல்ல முடியாது. இதனால் குர்செட்டின் பயனற்றது என்று ஆகிவிடாது. அதன் பெயர் வந்தவுடன் கூடுதல் சான்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நம்ம ஊர் கெலுலுட்ல அந்தப் பொருளெல்லாம் இருக்கா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கேட்டவர் கல்லூரிக்குப் போகாதவர், பட்டர்வொர்த் பக்கம் பத்துப் பெட்டி வைத்திருக்கும் ஒரு அண்ணன். பல கணினி ஆய்வுகள் தடுக்கி விழும் இடத்தை அவர் நேராகத் தொட்டுவிட்டார்.

பிசினில் என்ன இருக்கும் என்பதைத் தேனீ தீர்மானிப்பதில்லை, சுற்றியுள்ள மரம் தீர்மானிக்கிறது. ஐரோப்பியப் பிசின் பெரும்பாலும் பாப்ளர் மர மொட்டிலிருந்து வருகிறது. பினோசெம்பிரின், கலாங்கின், கிரைசின், கஃபேயிக் அமிலத்தின் ஃபினெத்தில் எஸ்டர் எல்லாம் அந்த மரத்தின் சொத்து. பிரேசிலின் பச்சைப் பிசின் பக்காரிஸ் என்ற செடியிலிருந்து வருகிறது, அதன் அடையாளம் ஆர்ட்டெபிலின் சி. நம் பக்கத்துத் தேனீ மங்குஸ்தான், மா, இன்னும் எத்தனையோ காட்டு மரங்களிடம் போகிறது. தாய்லாந்தின் கொட்டாத தேனீப் பிசினில் மங்குஸ்தான் தோலில் இருக்கும் ஆல்ஃபா மாங்கோஸ்டினே கிடைத்திருக்கிறது. அப்படியிருக்க, பாப்ளர் பிசினின் பட்டியலை எடுத்து டாக்கிங் செய்துவிட்டு "புரோபோலிஸ் வைரஸைத் தடுக்கும்" என்று பொதுவாகச் சொன்னால், பாலிக் புலாவ் பாட்டிலுக்கும் அந்த வரிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

தேனிலும் இதே கதை. கெலுலுட் தேன் சாதாரணத் தேனைவிட நீர்த்து, புளிப்பாக இருக்கும். 2017இல் வந்த மலேசியத் தரநிலை அதற்கென்றே தனியாக வகுக்கப்பட்டது, ஈரப்பதம் 35 விழுக்காடு வரை அனுமதி. 2020இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மலேசியக் கெலுலுட் உட்பட மூன்று நாட்டுத் தேன்களில் டிரெஹலுலோஸ் என்ற அபூர்வமான சர்க்கரை ஏராளமாக இருப்பதைக் கண்டார்கள். அதுவரை எல்லாரும் அதை வேறு சர்க்கரை என்று நினைத்திருந்தார்கள். அளந்து பார்க்கும்வரை சர்க்கரையைக்கூடத் தவறாகப் புரிந்துகொள்ளலாம் என்றால், மற்ற மூலக்கூறுகளை அளக்காமல் கணினியில் ஏற்றுவதில் என்ன பொருள்? நம் பிசினை நாமே பிரித்து, நிறமாலையில் அளந்து, அந்தப் பட்டியலை வைத்துத் தேட வேண்டும்.

கம்ப்யூட்டர் ஒரு பொருளைப் பொறுக்கிக் கொடுத்துட்டா, அப்புறம் என்ன நடக்கும்?

முதலில், வளையலும் அசையும் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதைச் சரிசெய்ய இன்னொரு கணக்கு. புரதம், பொருள், சுற்றிலும் தண்ணீர், உப்பு எல்லாவற்றையும் வைத்து அணுக்களை அசையவிட்டுப் பார்ப்பார்கள். இரண்டு ஃபெம்டோ வினாடிக்கு ஒரு படி. ஒரு ஃபெம்டோ வினாடி என்பது ஒரு நானோ வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நூறு நானோ வினாடி பார்க்க ஐந்து கோடி படிகள். நல்ல எண் வாங்கிய பொருள் பத்தாவது நானோ வினாடியில் குழியை விட்டு மிதந்து போவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு கணினியை மூடிவிட்டுச் சோதனைக் குழாய்க்குப் போக வேண்டும். தூய பொருளை வாங்கி, நிஜமான நொதியோடு கலந்து, வெட்டுவது நிற்கிறதா என்று பார்ப்பது. அடுத்து வைரஸ் தொற்றிய செல்கள். இங்கே இரண்டு அளவுகள் முக்கியம்: வைரஸைப் பாதியாக்க எவ்வளவு பொருள் வேண்டும், செல்லில் பாதியைக் கொல்ல எவ்வளவு போதும். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இல்லையென்றால் அது மருந்தில்லை, விஷம். பிறகு விலங்கு, பிறகு மனிதர்களிடம் மூன்று கட்டச் சோதனை. பெரும்பாலான பொருட்கள் வழியிலேயே விழுந்துவிடும்.

இப்படித் தேடி நிஜமாவே மருந்து கிடைச்சிருக்கா?

கிடைத்திருக்கிறது, அதனால்தான் இந்த வேலையில் இருக்கிறேன். இன்ஃப்ளூயன்சாவின் நியூராமினிடேஸ் புரதத்தின் வடிவம் 1983இல் ஆஸ்திரேலியாவில் தெரியவந்தது. அந்தக் குழியின் வடிவத்தைப் பார்த்து வடிவமைத்த சனாமிவிர் 1999இல் மருந்தாக வந்தது. கொரோனாவுக்கு ஜப்பானில் 2022 நவம்பரில் அவசர அனுமதி பெற்ற என்சிட்ரெல்விர், கணினித் தேடலில் தொடங்கி ஆய்வுக்கூடச் சோதனையில் வடிகட்டி, பிறகு வேதியியலாளர்கள் செதுக்கி எடுத்தது. அது அடைப்பதும் மேலே சொன்ன அதே முதன்மைப் புரோட்டியேஸைத்தான்.

ஆனால் தேனீப் பொருளில் தொடங்கி இந்தப் பாதை முழுக்க நடந்து வந்த வைரஸ் மருந்து இன்றுவரை ஒன்றும் இல்லை.

அப்படின்னா தினமும் ஒரு கரண்டி தேன் சாப்பிட்டா வைரஸ் வராதா?

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிலோ தேனில் 5 மில்லிகிராம் குர்செட்டின் இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய கரண்டி 20 கிராம், அதில் 0.1 மில்லிகிராம். செல் சோதனையில் 20 மைக்ரோமோலார் தேவைப்பட்டது என்று வைத்தால், லிட்டருக்கு 6 மில்லிகிராம். நம் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். அப்படியானால் 30 மில்லிகிராம், அதாவது 300 கரண்டி, 6 கிலோ தேன். அதுவும் சாப்பிட்டது அப்படியே ரத்தத்துக்குப் போனால்தான். குடலும் கல்லீரலும் குர்செட்டினைப் பெருமளவு வேறு வடிவத்துக்கு மாற்றிவிடும்.

தேனால் பயனே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளின் இருமலுக்குத் தேன் ஓரளவு ஆறுதல் தருகிறது என்று பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2018 மதிப்பாய்வு சொல்கிறது. பாட்டி கொடுத்த இஞ்சித் தேனுக்கு அது போதும். ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டும் வைக்கக்கூடாது. பாட்யூலிசம் கிருமியின் வித்து அதில் இருக்கலாம், குழந்தையின் குடல் அதைத் தாங்காது. பெயர் சூட்டும் நாளில் தேன் தொட்டு வைக்கும் வீடுகளில் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தேனும் சர்க்கரைதான்.

டிங்கிக்கு கெலுலுட் தேன் குடிச்சா பிளேட்லெட் ஏறுமாமே?

டிங்கியில் இறங்கிய பிளேட்லெட், நோய் இறங்கும்போது தானாகவே ஏறும். அந்த நேரத்தில் எதைக் குடித்தாலும் அதுதான் ஏற்றிய மாதிரி தெரியும். ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் வருகிறது. கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், தூக்கக் கலக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவமனை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் வேண்டாம். தேன் தண்ணீர் குடிக்கலாம், தண்ணீருக்காக. ஆனால் அதை நம்பிக் கிளினிக்குக்குப் போவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு பொருள் இல்லக்கா, எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்யுதுன்னா?

அப்படி இருக்கலாம், இது நல்ல வாதம். தேன் புண்ணில் கிருமியைத் தடுப்பதே அப்படித்தான்: அடர்த்தியான சர்க்கரை, அமிலம், ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றும் சேர்ந்து. ஆனால் டாக்கிங் ஒரு நேரத்தில் ஒரு பொருளையும் ஒரு புரதத்தையும்தான் பார்க்கும். கூட்டாக நடப்பதை அது சொல்லாது. அதற்கு முழுப் பிசின் சாற்றை நேராகச் செல்லில் சோதிக்க வேண்டும்.

இப்போ ஏஐ வந்துடுச்சே, இதெல்லாம் இன்னும் வேணுமா?

வடிவமே தெரியாத புரதத்தின் வடிவத்தைக் கணிக்க ஆல்ஃபாஃபோல்டு என்ற ஏஐ மென்பொருள் பெரிய உதவி. அதற்குத்தான் 2024 வேதியியல் நோபல் பரிசில் பாதி. ஆனால் பட்டியல் தவறென்றால் எவ்வளவு கெட்டிக்காரக் கணினியும் தவறான பட்டியலில்தான் தேடும். கெலுலுட் கேள்விக்குச் சொன்ன பதில் இதற்கும் பொருந்தும்.

பாட்டில்ல 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது'ன்னு போட்டிருக்கு. நம்பலாமா?

எந்தக் கட்ட ஆய்வு என்று கேளுங்கள். கணினியா, நொதியா, செல்லா, விலங்கா, மனிதரா? கணினி மட்டும் என்றால், மேலே சொன்ன நீளமான வரிசையில் முதல் படி. பாட்டிலில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் டி (T) என்று முடிந்தால் பாரம்பரிய மருந்து, என் (N) என்று முடிந்தால் ஊட்டச்சத்துப் பொருள். அந்த எண் இருந்தால் தரமும் பாதுகாப்பும் பார்க்கப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம், வைரஸைக் கொல்லும் என்று அரசு சான்று கொடுத்ததாக அர்த்தமில்லை. எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையதளத்தில் தட்டிப் பார்க்கலாம். பிசினுக்கு ஒவ்வாமை உள்ளவர்களும் உண்டு, வாயில் எரிச்சலோ தடிப்போ வந்தால் நிறுத்திவிடுங்கள்.

டீச்சர், என் பையன் எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) படிக்கிறான். வீட்டு லேப்டாப்ல இதைச் செய்ய முடியுமா?

தாராளமாக. எல்லா மென்பொருளும் இலவசம். ஆனால் நேராகத் தேனுக்குப் போக வேண்டாம். முதலில் புரதத் தரவு வங்கியில் 1எச்எஸ்ஜி என்ற கோப்பை எடுக்கச் சொல்லுங்கள். எச்.ஐ.வி.யின் வெட்டும் நொதி, உள்ளே இண்டினாவிர் என்ற நிஜமான மருந்து உட்கார்ந்திருக்கும். மருந்தைக் கழற்றி, மறுபடி பொருத்தி, பழைய இடத்துக்கு வருகிறதா என்று பார்க்கட்டும். வரவில்லையென்றால் ஏன் என்று தேடுவதில்தான் முழுப் படிப்பும் இருக்கிறது. அது வந்த பிறகு, குர்செட்டினையும் கூடவே சம்பந்தமே இல்லாத ஒரு வைட்டமினையும் போட்டுப் பார்க்கட்டும். அந்த வைட்டமினும் நல்ல எண் வாங்கினால், முன்னே சொன்ன பிழைக் கணக்கு அவனுக்குத் தானாகப் புரியும்.

என் பண்ணைப் பிசினைக் கொடுத்தா ஆராய்வாங்களா? எங்களுக்கு என்ன கிடைக்கும்?

பட்டர்வொர்த் அண்ணன் கடைசியாகக் கேட்டது இது. பிசின் ஆராய்ச்சியில் ஆர்வமுள்ள பல்கலைக்கழகக் குழுக்கள் நம் நாட்டில் உண்டு. கொடுக்கும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். உயிரியல் வளங்களை அணுகுவது, அவற்றின் பயனைப் பகிர்வது பற்றிய 795ஆம் எண் சட்டம் 2017இல் நிறைவேறி 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆய்வுக்கு எடுப்பவர்கள் அனுமதி பெற வேண்டும், வணிகப் பயன் வந்தால் பகிர்வு ஒப்பந்தம் வேண்டும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

பிசினை எடுக்கும்போது பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். வாசல் குழாயில் எடுத்தது தனி, உள்ளே எடுத்தது தனி. சுத்தமான கண்ணாடிப் புட்டியில், வெளிச்சம் படாமல், ஃப்ரீசரில் வையுங்கள். புட்டியின் மேல் தேதி, எந்தப் பெட்டி, எந்த வகைத் தேனீ என்று எழுதுங்கள். அப்புறம், பெட்டியைச் சுற்றி ஒரு முந்நூறு நானூறு மீட்டர் நடந்து, என்னென்ன மரம் நிற்கிறது, எது பூத்திருக்கிறது, எதன் பட்டையில் பிசின் கசிகிறது என்று ஒரு நோட்டில் எழுதி அதையும் சேர்த்துக் கொடுங்கள். அந்த அண்ணன் அப்படி எழுதிக் கொண்டுவந்தார். இரண்டு மங்குஸ்தான், ஒரு பழைய மாமரம், நங்கா (பலா), வேலியோரம் பெயர் தெரியாத ஒரு மரம். பெயர் தெரியாததன் இலையைப் பறித்து நோட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்.